எது அருகு? ஐ.சி.க்களுக்குப் பக்கத்தில் மின்தேக்கி வைக்கும் வழக்கத்தின் வரலாறு

மின்னணுவியல் படித்தவர் எவருக்கும் மனப்பாடமான விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு ஐ.சி.க்கும் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் பீங்கான் மின்தேக்கி வேண்டும். அதை மின்வழங்கல் கால்களுக்கு இயன்றவரை அருகில் வைக்க வேண்டும். ஐ.சி. தயாரிப்பாளர்களின் தரவுத்தாள்கள் அரை நூற்றாண்டாக இதையே சொல்லிவருகின்றன. விதியில் தவறில்லை. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட காலத்து மின்சுற்றுப் பலகைக்காக, ஒரு குறிப்பிட்ட வகை ஐ.சி.க்காகப் பிறந்த விதி. அதன் பிறகு பலகை மாறியது, ஐ.சி. மாறியது, மின்தேக்கியின் உருவமே மாறியது. விதியின் வாசகம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

'அருகில்' என்பதை மில்லிமீட்டரில் அளந்தால் போதும் என்ற நிலை எப்போது இருந்தது, எப்போது அது போதாமல் போனது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இங்கு முன்வைக்கப்படும் வாதம் இது: அருகாமை என்பது தொடக்கம் முதலே தூரத்தைப் பற்றியதல்ல, மின்தேக்கியிலிருந்து புறப்பட்டு ஐ.சி.க்குள் புகுந்து மீண்டும் மின்தேக்கிக்கே திரும்பும் மின்னோட்டம் எவ்வளவு பெரிய வளையத்தைச் சுற்றுகிறது என்பதைப் பற்றியது. இரண்டு அடுக்குப் பலகையில் தூரமும் வளையமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் இந்த வேறுபாடு நெடுநாள் கண்ணில் படவில்லை.

வால்வுக் காலம்

மின்தேக்கி வைக்கும் இந்த வழக்கம், அதாவது டீகப்ளிங், ஐ.சி.க்கு வெகுமுன்பே பிறந்துவிட்டது. 1920களின் வானொலிப் பெட்டிகளில் பல பெருக்கி நிலைகள் ஒரே உயர் அழுத்த மின்கலத்திலிருந்து மின்சாரம் பெற்றன. புதிய மின்கலத்தின் உள்தடை குறைவு என்பதால் தொல்லை இல்லை. பழையதாக ஆக உள்தடை ஏறும். கடைசி நிலை இழுக்கும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம் அந்தத் தடையின் குறுக்கே மின்னழுத்த ஏற்ற இறக்கமாகி முதல் நிலையைச் சென்றடையும். அங்கே அது பெருக்கப்பட்டு, மீண்டும் கடைசி நிலைக்கு வரும். பெட்டி ஊளையிடும், சில சமயம் மோட்டார் படகு போல டபடபவென ஒலிக்கும்.

அன்றைய மருந்தில் இரண்டு சரக்குகள் இருந்தன. ஒவ்வொரு நிலைக்கும் போகும் மின்வழியில் ஒரு தொடர்தடை. அந்தத் தடையைத் தாண்டிய இடத்திலிருந்து சட்டகத்துக்கு ஒரு மின்தேக்கி. பின்னாளைய கைநூல்கள் மின்தேக்கியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு தடையை மறந்துவிட்டன. ஆனால் வேலையில் பாதி தடையினுடையது. ஒரு நிலையின் அசைவு பொதுவழிக்குப் போகாமல் தடுப்பது தடை; அந்த அசைவுக்கு வேறு வழி காட்டுவது மின்தேக்கி. நிலைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைப்பதே அன்று நோக்கம். குரல் அதிர்வெண்களில் மின்தேக்கியின் கம்பி ஒரு சாண் நீண்டிருந்தாலும் யாருக்கும் கேடில்லை.

கம்பியின் நீளம் கணக்கில் ஏறியது உயர் அதிர்வெண்களில்தான். இரண்டாம் உலகப் போர்க்கால ரேடார் பெட்டிகளின் இடைநிலைப் பெருக்கிகள் 30, 60 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் இயங்கின. அங்கே சில சென்டிமீட்டர் கம்பியே ஒரு சுருள்போல நடந்துகொள்ளும். அதனால் சட்டகத்தின் உலோகத் தகட்டிலேயே செருகிப் பற்றவைக்கும் பொத்தான் வடிவ மைக்கா மின்தேக்கிகளும், தகட்டை ஊடுருவிச் செல்லும் மின்தேக்கிகளும் புழக்கத்துக்கு வந்தன. கால்களைக் குட்டையாக்கு என்ற அறிவு கணிப்பொறிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. வானொலி அதிர்வெண் பொறியாளர்களிடமிருந்து வந்த சொத்து அது.

மின்தேக்கிக்கான பொருளும் அந்தப் போரில்தான் மாறியது. உயர்தர மின்தேக்கிகள் அதுவரை மைக்காவை நம்பியிருந்தன. உலகச் சந்தைக்குப் போன மைக்காவில் பெரும்பங்கு இந்தியாவினுடையது; அன்றைய பீகாரின் கோடர்மா வட்டாரமும் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் வட்டாரமும் அதற்குப் பெயர்பெற்றவை. கடல்வழிகள் ஆபத்தானபோது மாற்றுப் பொருள் தேடும் வேகம் கூடியது. 1940களின் முதற்பாதியில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளிலும் ஒன்றையொன்று அறியாமல் பேரியம் டைட்டனேட் கண்டறியப்பட்டது. மைக்காவின் மின்கடவாப் பண்பெண் 6, 7 என்ற அளவில் இருக்க, இதனுடையது ஆயிரத்தைத் தாண்டியது. இந்தப் பீங்கானை மெல்லிய தாள்களாக வார்த்து, இடையிடையே உலோகம் பூசி அடுக்கும் முறை அடுத்த இருபது ஆண்டுகளில் முதிர்ந்தது. அரிசிமணி அளவில் 0.1 மைக்ரோஃபாரட் என்பது அதன் பின்னரே இயன்றது.

டி.டி.எல். தந்த விதி

இன்று நாம் அறிந்த வடிவில் விதி உருவானது 1960களில், டி.டி.எல். என்ற தருக்கக் குடும்பத்தின் ஐ.சி.க்களோடு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1964இல் 5400 வரிசையையும், 1966இல் பிளாஸ்டிக் உறையிட்ட மலிவான 7400 வரிசையையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவற்றின் வெளியீட்டுப் பகுதியில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். மேலது 5 வோல்ட் பக்கம் இழுக்கும், கீழது தரைப் பக்கம் இழுக்கும். நிலை மாறும்போது ஒன்று அணையும் முன்பே மற்றது விழித்துக்கொள்வதால், சில நானோநொடிகளுக்கு இரண்டும் சேர்ந்தே கடத்தும். அந்தக் கணத்தில் 5 வோல்ட்டிலிருந்து தரைக்கு நேராக ஒரு மின்னோட்டத் துடிப்பு பாயும். பலகையில் நூறு ஐ.சி.க்கள் ஒரே கடிகாரத் துடிப்பில் நிலை மாறினால் அத்தனை துடிப்புகளும் ஒன்றாகச் சேரும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பலகையில் போகவர இரண்டு தடங்கள் சேர்ந்து சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 நானோஹென்றி தூண்டல் தரும். மின்வழங்கி 10 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால் 100 நானோஹென்றி. 50 மில்லியாம்பியர் மின்னோட்டம் 5 நானோநொடியில் எழுந்தால் அந்தத் தூண்டலின் குறுக்கே விழும் மின்னழுத்தம் சரியாக 1 வோல்ட். டி.டி.எல். தாங்கக்கூடிய இரைச்சல் வரம்பு 0.4 வோல்ட்தான். அதே துடிப்பை ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் மின்தேக்கி தந்தால் இழப்பு 0.15 வோல்ட்டாக இறங்கும். மேட்டூரில் மதகைத் திறந்தாலும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும். வயலோரக் குட்டையில் தேங்கிய தண்ணீர்தான் அந்த இடைவெளியில் பயிரைக் காக்கும்.

இந்தக் கணக்கின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 50 மில்லியாம்பியர், 5 நானோநொடி என்றால் மொத்த மின்னூட்டம் 0.25 நானோகூலோம். அதைத் தந்துவிட்டு 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இழக்கும் அழுத்தம் 2.5 மில்லிவோல்ட் மட்டுமே. 0.01 மைக்ரோஃபாரட் வைத்தாலும் 25 மில்லிவோல்ட்தான். ஆக, 0.1 என்ற எண்ணுக்கு இயற்பியலில் புனிதம் எதுவும் இல்லை. மலிவாகவும் சிறியதாகவும் கிடைத்த பீங்கான் மின்தேக்கியின் மதிப்பு அது. போதுமானதைவிடக் கூடுதலாகவே இருந்ததால் நிலைத்துவிட்டது. மின்தேக்கியின் மதிப்பைவிட அதைச் சுற்றிய தூண்டலே முடிவை எழுதியது. கால்களும் தடங்களும் சேர்ந்து 10 நானோஹென்றி என்றால் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 5 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் மின்தேக்கியாகவே இருப்பதில்லை. அதன்பின் அது ஒரு சுருள்.

எல்லாத் தருக்கக் குடும்பங்களும் இப்படித் துடிக்கவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். ஐ.பி.எம்.மில் 1956இல் ஹானன் யூர்க் வடிவமைத்த மின்னோட்டத் திசைமாற்றுச் சுற்றிலிருந்து வளர்ந்த ஈ.சி.எல். குடும்பம், நிலை மாறும்போதும் ஏறக்குறைய ஒரே அளவு மின்னோட்டத்தையே இழுத்தது. மின்னோட்டம் இந்தக் கிளையிலிருந்து அந்தக் கிளைக்குத் தாவும், மொத்தம் மாறாது. சீமோர் கிரேயின் 1976ஆம் ஆண்டு மீக்கணிப்பொறி கிரே-1 இதையே பயன்படுத்திக்கொண்டது. வெப்பம்தான் அதற்குக் கொடுத்த விலை. வேகமும் மலிவும் சேர்ந்து வேண்டிய உலகம் டி.டி.எல்.லைத் தேர்ந்தெடுத்தது, துடிப்பை அடக்கும் பொறுப்பு பலகை வடிவமைப்பாளரின் தலையில் விழுந்தது.

இரண்டு கால்கள், ஒரு மூலைவிட்டம்

அருகில் வை என்கிறது விதி. எந்தக் காலுக்கு அருகில்? ஃபேர்சைல்டில் 1964இல் உருவான இருவரிசை உறையில் 14 கால் ஐ.சி.க்களின் மின்வழங்கல் பெரும்பாலும் 14ஆம் காலிலும் தரை 7ஆம் காலிலும் அமைந்தன. இரண்டும் நேரெதிர் மூலைகள். கால்களுக்கிடையே 2.54 மில்லிமீட்டர், வரிசைகளுக்கிடையே 7.62 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டால் மூலைவிட்டம் 17 மில்லிமீட்டர். மின்தேக்கியை 14ஆம் காலில் ஒட்டிவைத்தாலும் 7ஆம் காலிலிருந்து திரும்பும் பாதை அந்தத் தூரத்தைக் கடந்தே ஆகவேண்டும். நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகிய இன்டெல் 8051இல் நிலைமை இன்னும் மோசம்: மின்வழங்கல் 40ஆம் கால், தரை 20ஆம் கால், மூலைவிட்டம் 5 சென்டிமீட்டர். மின்தேக்கி மின்வழங்கல் காலுக்கு மிக அருகில் இருக்கிறது என்று திருப்தி அடைந்த பலகைகளில் வளையம் ஐந்து சென்டிமீட்டருக்கு அகலத் திறந்து கிடந்தது. அருகாமை வளையத்தைப் பற்றியது என்பதை வரலாறு முதலில் காட்டிய இடம் இதுவே.

நினைவகப் பலகைகள் இதை வலிக்க வலிக்கக் கற்பித்தன. 1970களின் பிற்பகுதியில் கோலோச்சிய 16 கிலோபிட் நினைவக ஐ.சி. 4116க்கு +12, +5, -5 என மூன்று மின்வழங்கல்கள் தேவைப்பட்டன. +12 வோல்ட் 8ஆம் காலில், தரை 16ஆம் காலில். மீண்டும் மூலைக்கு மூலை. முகவரித் துடிப்பு வரும் ஒவ்வொரு முறையும் வரிசை முழுக்க இருக்கும் ஐ.சி.க்கள் ஒன்றாக மின்னோட்டத்தை இழுத்தன. ஆகவே ஐ.சி. வரிசைகளுக்கிடையே மின்தேக்கி வரிசைகள் முளைத்தன. 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். பி.சி.யின் தாய்ப்பலகையில் அந்த அணிவகுப்பை இன்றும் பார்க்கலாம். ரோஜர்ஸ் கார்ப்பரேஷன் 'மைக்ரோ க்யூ' என்ற பெயரில் ஐ.சி.யின் வயிற்றுக்கடியில் படுத்துக்கொள்ளும் தட்டை மின்தேக்கிகளை விற்றது. அவற்றின் கால்கள் அந்த மூலைவிட்டத்தின் இரு முனைகளிலும் ஐ.சி.யின் கால்களோடு ஒரே துளையில் இறங்கின. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த தீர்வு இதுவென்பதே இக்கட்டுரையாளரின் கணிப்பு. தூரத்தைக் குறைக்காமல் வளையத்தை மூடியது அது.

வேகமான சி.மாஸ் வந்தபோது மூலைக்கால் பிரச்சினை பலகையை விட்டு ஐ.சி.யின் உறைக்குள்ளேயே நுழைந்தது. 1980களின் நடுவில் ஃபேர்சைல்டும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் புதிய தலைமுறை சி.மாஸ் குடும்பங்களை வெளியிட்டன. எட்டு வெளியீடுகள் ஒருசேர நிலை மாறினால், மூலையில் இருக்கும் நீண்ட தரைக்காலின் தூண்டலால் ஐ.சி.யின் உள்தரையே துள்ளி எழுந்தது. பலகையில் எத்தனை மின்தேக்கிகளை எவ்வளவு நெருக்கி வைத்தாலும் இதற்கு மருந்தில்லை, ஏனென்றால் தூண்டல் மின்தேக்கிக்கும் சிலிக்கானுக்கும் நடுவே இருந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மின்வழங்கல், தரைக் கால்களை உறையின் நடுப்பகுதிக்கு மாற்றிய வரிசையைக் கொண்டுவந்தது. பொறியியல் நோக்கில் சரியான முடிவு. ஆனால் பழைய கால் ஒழுங்குக்காக வரைந்த பலகைகளை மாற்ற வாடிக்கையாளர்கள் முன்வரவில்லை. மூலைக்கால்களை வைத்துக்கொண்டு துடிப்பின் விளிம்பைச் சற்று மந்தமாக்கிய ஐ.சி.க்களே பெருவாரியாகப் பரவின.

தளங்கள் வந்தபின்

பல அடுக்குப் பலகைகள் பரவியபோது ஐ.சி.க்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தது தடம் அல்ல, தளம். ஓர் உள்ளடுக்கு முழுவதும் மின்வழங்கல், அடுத்த அடுக்கு முழுவதும் தரை. இரண்டுக்கும் இடையே 0.1 மில்லிமீட்டர் கண்ணாடியிழை எபாக்சி இருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 36 பிக்கோஃபாரட் மின்தேக்கம் இலவசமாகக் கிடைக்கும். அதைவிட முக்கியமாக, தளங்களின் தூண்டல் மிகமிகக் குறைவு. கால் நீண்ட மின்தேக்கிகளுக்குப் பதில் பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டும் சில்லு மின்தேக்கிகளும் அதே காலத்தில் வந்தன. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1979இல் கணிப்பொறிச் சாதனங்களின் கதிர்வீச்சுக்கு வரம்பு விதித்ததும் இந்த மாற்றத்தை முடுக்கியது.

பழைய விதி புதிய பலகைக்குப் பொருந்துமா என்ற கேள்வியை நேராகக் கேட்டவர்கள் மிசௌரி மாநிலத்தின் ரோலா நகரிலுள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள். டாட் ஹூபிங், ஜேம்ஸ் ட்ரூனியாக் உள்ளிட்டோர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இந்த வரலாற்றின் திருப்புமுனை. ஓரடுக்கு, ஈரடுக்குப் பலகைகளுக்கு நன்கு பயன்பட்ட வழிகாட்டுதல்கள் தளங்கள் உள்ள பலகைகளுக்குப் பொருந்தா என்று அவர்கள் வாதிட்டனர். காரணம் நுட்பமானது. ஈரடுக்குப் பலகையில் ஐ.சி.க்கும் ஐ.சி.க்கும் இடையிலான மின்தடத்தின் தூண்டல் வெறும் தொல்லையல்ல. உயர் அதிர்வெண்ணில் அது ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கவும் உதவியது. வால்வுப் பெட்டியில் தொடர்தடை செய்த வேலையை, யாரும் கேளாமலே, பலகையில் தடத்தின் தூண்டல் செய்துவந்திருக்கிறது. தளம் வந்ததும் அந்தப் பிரிவு மறைந்தது, எல்லா ஐ.சி.க்களும் எல்லா மின்தேக்கிகளும் ஒரே பொதுநிலத்தில் நின்றன. தளங்கள் போதிய அளவு நெருங்கியிருந்தால் மின்தேக்கி 1 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறதா 4 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறதா என்பது பெரிய வேறுபாடல்ல. மின்தேக்கியைத் தளத்தோடு இணைக்கும் துளைகளும் தடத் துணுக்குகளும் தரும் தூண்டலே பெரிது.

பற்றவைக்கும் திட்டிலிருந்து துளைவரை 5 மில்லிமீட்டர் மெல்லிய தடம் இழுத்துவிட்டு, ஐ.சி.யின் காலிலிருந்து 2 மில்லிமீட்டரில் மின்தேக்கியை வைத்தவரைவிட, துளையை மின்தேக்கியின் பக்கவாட்டிலேயே இறக்கி 2 சென்டிமீட்டர் தள்ளி வைத்தவரே மேலான வேலை செய்திருப்பார் என்று ஆகிறது. பொறியாளர்கள் பலரும் ஒப்புக்கொள்ளத் தயங்கிய முடிவு இது. அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருந்தது: ரோலா குழுவினரே 2001இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, தளங்களுக்கிடையே இடைவெளி அகன்றிருந்தால் மின்தேக்கியின் துளையும் ஐ.சி.யின் துளையும் நெருங்கி நிற்பது உண்மையிலேயே பலன் தரும் என்று காட்டியது. இரண்டு துளைகளின் காந்தப் பாயம் பின்னிக்கொண்டு வளையத்தின் தூண்டலைக் குறைக்கிறது. முதல் ஆய்வை மட்டும் படித்துவிட்டு இடம் முக்கியமே இல்லை என்போரும், இரண்டாவதை மட்டும் படித்துவிட்டுப் பழைய விதியே சரி என்போரும் பாதி வரலாற்றையே வைத்திருக்கிறார்கள். பலகையின் அடுக்கமைப்பைக் கேட்காமல் தூரத்தைச் சொல்ல முடியாது என்பதே இரண்டும் சேர்ந்து தரும் செய்தி.

தளங்களையே மின்தேக்கியாக்கும் முயற்சியும் இதே ஆண்டுகளுக்குரியது. ஸைகான் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் தளங்களுக்கிடையே 50 மைக்ரோமீட்டர் மின்கடவாப் பொருள் வைத்த பலகைக்குக் காப்புரிமை பெற்று, பல சிறு மின்தேக்கிகளைப் பலகையிலிருந்து அகற்றலாம் என்று விற்றது.

1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் லாரி ஸ்மித்தும் உடன்பணியாளர்களும் கேள்வியையே மாற்றி அமைத்தனர். ஐ.சி.க்கு எத்தனை மின்தேக்கி என்று கேட்காதீர்கள். எந்த அதிர்வெண்ணிலும் மின்வழங்கலின் மின்மறுப்பு எவ்வளவைத் தாண்டக்கூடாது என்று முதலில் கணக்கிடுங்கள் என்றனர். 2.2 வோல்ட்டில் 5 விழுக்காடு அசைவு தாங்கும் ஒரு செயலி 25 ஆம்பியர் துள்ளல் தந்தால் வரம்பு 4.4 மில்லியோம். அந்த வரம்புக்குள் நிற்கும்படி வெவ்வேறு மதிப்புள்ள மின்தேக்கிகளைத் தொகுத்தாக வேண்டும். ஒன்றின் தூண்டலும் மற்றொன்றின் மின்தேக்கமும் சேர்ந்து எழுப்பும் எதிர் ஒத்ததிர்வு முகடுகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 0.1, 0.01, 0.001 என்று மூன்றையும் ஐ.சி.யின் பக்கத்தில் அடுக்கும் பழக்கம் இதன்பின் நியாயம் இழந்தது. ஒரே அளவுள்ள சில்லில் மதிப்பைக் குறைத்தாலும் தூண்டல் குறைவதில்லை. முகடு மட்டும் கூடுகிறது.

பலகையை விட்டு உள்ளே

சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் பலகையின் எந்த மூலையும் அருகு அல்ல. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் ஆல்ஃபா செயலிகளின் வரிசை இதை எண்களாகவே காட்டுகிறது. 1992ஆம் ஆண்டின் 21064 செயலியில் கடிகாரத்தோடு நிலை மாறும் மின்தேக்கம் 12.5 நானோஃபாரட், அதற்குத் துணையாகச் சிலிக்கானிலேயே அமைத்தது 128 நானோஃபாரட், பத்து மடங்கு. பத்து மடங்கு என்றால், வெளியிலிருந்து எதுவும் வந்துசேராவிட்டாலும் ஒரு சுழற்சியில் அழுத்தம் 9 விழுக்காட்டுக்குமேல் விழாது. 600 மெகாஹெர்ட்ஸ் 21264இல் நிலை மாறும் மின்தேக்கம் 34 நானோஃபாரட்டாக ஏறியது. சில்லின் பரப்பில் 15 முதல் 20 விழுக்காட்டைத் தின்று 320 நானோஃபாரட் வைத்தும் போதவில்லை. வடிவமைப்பாளர்கள் 2 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிச் சில்லு ஒன்றைச் செயலியோடு 160 இணைக் கம்பிகளால் இணைத்தார்கள். ஒரு கம்பி இணைக்குப் பதில் 160. தூண்டலைப் பங்கிட்டுக் குறைப்பதே நோக்கம்.

இப்படி உறைக்குள்ளும் சிலிக்கானுக்குள்ளும் மின்தேக்கி குடிபுகுந்தபின் பலகையின் பங்கு இடைநிலை அதிர்வெண்களுக்குச் சுருங்கியது. சுருங்கியதே தவிர அற்பமாகவில்லை. 2020 செப்டம்பரில் என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3080 அட்டைகள் சில, வேகம் உச்சத்தைத் தொடும்போது விளையாட்டைக் கைவிட்டு நின்றன. செயலிக்கு நேர்பின்னால் பலகையின் மறுபக்கத்தில் ஆறு இடங்கள் இருந்தன. ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெரிய பாலிமர் மின்தேக்கியோ பல சிறு பீங்கான் மின்தேக்கிகளின் கூட்டமோ வைக்கலாம். ஆறிலும் பாலிமர் வைத்த வடிவம் தன் சோதனைகளில் தேறவில்லை என்று அட்டைத் தயாரிப்பாளர் ஈ.வி.ஜி.ஏ. வெளிப்படையாக அறிவித்து, கலப்பு வடிவத்துக்கு மாறியது. என்விடியா வெளியிட்ட இயக்கி மென்பொருளும் பலருடைய தொல்லையைத் தீர்த்தது; ஆகவே மின்தேக்கியை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. தூரம் எல்லா அட்டைகளிலும் ஒன்றாக இருக்க, வளையங்களின் எண்ணிக்கையும் தூண்டலும் வேறுபட்டதால் நடத்தை வேறுபட்டது என்பதே இங்கு நமக்கு வேண்டிய பாடம். 2022இல் கிராஃப்கோர் நிறுவனத்தின் போ செயலி இன்னும் ஓர் அடி உள்ளே போனது: ஆழ்பள்ள மின்தேக்கிகள் செதுக்கிய தனிச் சிலிக்கான் வட்டு ஒன்றைத் தருக்க வட்டோடு முகத்துக்கு முகம் ஒட்டினார்கள்.

ஈரடுக்குப் பலகை இதனால் மறைந்துவிடவில்லை. வீட்டுச் சாதனங்களிலும் மாணவர் திட்டங்களிலும் மலிவான கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் இன்றும் அதுவே ஆள்கிறது. அங்கே தளம் இல்லை, தடமே எல்லாம், 1960களின் விதி முழு வலிமையோடு செல்லும். ஐ.சி. தயாரிப்பாளர்களும் மூலைவிட்டத்தின் தவறிலிருந்து கற்றிருக்கிறார்கள். ஆர்டுயினோ பலகைகளால் பரவிய ஏ.டி.மெகா 328 கட்டுப்பாட்டுச் சில்லின் 28 கால் உறையில் மின்வழங்கல் 7ஆம் கால், தரை 8ஆம் கால், இடையே 2.54 மில்லிமீட்டர். அந்த இரண்டு கால்களையும் ஒட்டியே மின்தேக்கியை வைத்து, இரண்டு தடங்களையும் அகலமாகவும் குட்டையாகவும் இழுக்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் தள்ளினால் போகவரச் சேர்த்து ஏறத்தாழ ஐந்து நானோஹென்றி கணக்கில் ஏறும்.